ஜன்னலில் அப்பா

ஷிப்டுக்குப் போகும் நீலச் சட்டையோடு தணிகைவேல், சேக்காட்டு மழலையர் பள்ளியின் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உள்ளே வேவு பார்க்கிறார். மகள் ரோஷினி கால்மணி நேரமாகக் குவளைக்குக் குவளை தண்ணீர் மாற்றி ஊற்றுகிறாள். டீச்சர் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். "இன்னா ஆயா, டீச்சரு ஒண்ணுமே சொல்லிக்குடுக்காம குந்திகினு கீது?" "கொழந்தைங்களே கத்துக்குமாம்ணா," என்கிறாள் வாசல் பெருக்கும் ஆயா. தணிகைவேலுக்கு நம்பிக்கை வரவில்லை. குவளை சாய்கிறது. வெயில் விழும் தரையில் தண்ணீர் பளபளவென்று ஓடுகிறது. டீச்சர் எழவில்லை. ரோஷினியே ஆணியில் தொங்கும் துணியை எடுத்துவந்து, முட்டி போட்டு, முணுமுணுவென்று பாடிக்கொண்டே துடைக்கிறாள். "புள்ளய வெச்சி வேல வாங்குறாங்களா?" தணிகைவேல் கம்பியில் முகத்தை அழுத்துகிறார். ரோஷினி நிமிர்கிறாள். ஜன்னலில் அப்பா. பாட்டு நிற்கிறது. துணியைக் கீழே போட்டுவிட்டு, வீட்டில் அப்பா பழக்கியபடி கைகட்டி, உதட்டில் விரல் வைத்துக்கொள்கிறாள்.