காயாத வார்னிஷ்

நேற்றுப் பூசிய வார்னிஷை மருதப்பன் இன்று சுரண்டிக்கொண்டிருந்தான். ஒரு குறையும் இல்லாத பூச்சு. தேக்குச் சட்டம் வெயிலில் புதுசு போல மின்னியது. அதைத்தான் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மறுபடி வெறும் மரமாக்கிக்கொண்டிருந்தான்.

சிராங்கூன் சாலையில் ஓடும் டிராம் வண்டியில் அவன் கண்டக்டர். காலை முறை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்துவிடுவான். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் வீட்டு ஏலத்தில் எடுத்த பழைய நிலைக்கண்ணாடி அது. ஒரு மூலை கழன்று ஆடியது, சட்டத்தின் ஓரத்தைக் கரையான் அரித்திருந்தது. மற்றபடி ரசம் போகாத நல்ல பெல்ஜியம் கண்ணாடி.

"காஞ்சிடுச்சாங்க?" உள்ளேயிருந்து மனைவி கண்மணியின் குரல் வந்தது.

"எங்க காயுது? இந்த ஊரு ஈரத்துல கொப்புளம் விட்டிருச்சு. மறுபடி பூசணும்." சொல்லிவிட்டு மருதப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நாளைக்காவது மாட்டிடுவீங்களா?"

"மாட்டிடுறேன்."

பக்கத்து வீட்டுக் கதீஜா பசாரிலிருந்து கூடையோடு வந்தவள், அவனைப் பார்த்து நின்றாள். "என்ன தம்பி, இந்நேரம் கப்பலே கட்டி முடிச்சிருப்பாங்க. ஒரு கண்ணாடிக்கு இத்தனை பாடா?" என்று உள்ளே கேட்கும்படி சத்தமாகச் சிரித்தாள். பிறகு குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னும் எத்தனை நாளைக்குத் தம்பி மறைக்கப் போற?"

உப்புத்தாள் நழுவி அவன் விரலையே தேய்த்தது.

கண்ணாடி வீட்டுக்கு வந்த வாரத்தில்தான் கண்மணிக்கு அம்மை போட்டது. ஆஸ்பத்திரி வண்டி வந்து தூக்கிப் போனது. அவனைப் பார்க்க விடவில்லை. பிழைத்துத் திரும்பியவளை வாசலில் கண்டபோது அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம், நெற்றி, மூக்கு என்று எங்கும் குழிகள். தெருவில் போனால் கடைக் கண்ணாடியில் பொட்டைச் சரிபார்க்காமல் நகராதவள் அவள்.

"எப்படிங்க இருக்கேன்?" என்று அன்று அவள் கேட்டாள்.

"அங்கங்க லேசாப் புள்ளி இருக்கு. வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் போட்டா போயிடும்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான். அன்றே கைக்கண்ணாடியை ஒளித்துவைத்து, அது உடைந்துவிட்டது என்றான். யாரும் எதுவும் சொல்லிவிட வேண்டாமென்று தெருவில் ஒவ்வொருவரிடமும் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டான்.

இந்த நிலைக்கண்ணாடியை மட்டும் ஒளிக்க வழியில்லை. அதை வாங்கச் சொன்னதே அவள்தான். அவன் வேலைக்குப் போகும் நேரமெல்லாம் அது கூடத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கும். ஒரு கை வைத்தால் போதும், திரும்பிவிடும். ஆனால் அவள் தொட்டதில்லை. "நீங்க மாட்டின பிறகுதான் பாப்பேன்" என்று சிறுபிள்ளை போலச் சொல்லுவாள். அந்த நம்பிக்கையை நினைத்தால் அவனுக்குச் சோறு இறங்காது.

"வேற யாராவது சொல்லி அவ தெரிஞ்சுக்கிறதவிட நீயே சொல்லிடு தம்பி" என்றாள் கதீஜா.

"எப்படிக்கா சொல்றது? சிரிச்சுக்கிட்டே கேக்குறா. அந்தச் சிரிப்பும் போயிட்டா அவகிட்ட வேற என்னக்கா மிஞ்சும்?"

கதீஜா முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மருதப்பன் சட்டத்தைத் தடவிப் பார்த்தான். சுரண்டிச் சுரண்டி அதன் பூவேலையெல்லாம் மொழுக்கென்று தேய்ந்துபோயிருந்தது. இனிச் சொல்வதற்குப் பொய்யும் இல்லை. கண்ணாடியைக் கூடத்துக்குத் தூக்கிவந்து நிறுத்தினான். அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. சுத்தியலை எடுத்தான். கை தவறி விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினான். தான் அழுதுகொண்டிருப்பது அதைப் பார்த்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு சுத்தியலை ஓங்கினான்.

ஓங்கிய கையை இன்னொரு கை பிடித்தது.

கண் திறந்தான். கண்ணாடியில் அவன் முகத்துக்குப் பின்னால் கண்மணியின் முகம் தெரிந்தது. பதறிப்போய்த் தன் உடம்பால் கண்ணாடியை மறைத்தான்.

"பாக்காத கண்மணி! இது... இது கெட்டுப்போன கண்ணாடி. இருக்கிறத இருக்கிறபடி காட்டாது. வேண்டாம், பாக்காத!"

அவள் சுத்தியலை வாங்கிக் கீழே வைத்தாள். அவன் தோளைப் பிடித்து மெல்ல நகர்த்திவிட்டு, கண்ணாடியில் தன்னை நேராகப் பார்த்தாள். அவள் அலறுவாள் என்று அவன் காதைப் பொத்தக் கையைத் தூக்கினான். அவள் அலறவில்லை. முந்தானையை எடுத்து அவன் கண்களைத் துடைத்தாள்.

"ஆஸ்பத்திரி ஜன்னல் கண்ணாடிலயே என் முகத்தப் பாத்துட்டேங்க... கண்ணாடியக் கேக்காம இருந்தா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நீங்க ஒடிஞ்சுபோயிடுவீங்களேன்னுதான் தினமும் கேட்டேன்."