பெண்மானின் குரல்

ஒரு மலைக்காட்டில், ஒரு கடமான் கூட்டத்தில், ஒரு ஆண்மானும் அதன் துணையும் இருந்தன. பனி இறங்கி ஜோடி சேரும் மாதம் வந்துவிட்டால் ஆண்மானுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். மேயாது, படுக்காது. பாறைமேல் ஏறி, "எனக்கு எதிரே எவன்டா வருவான்?" என்று கத்திக்கொண்டே இருக்கும். ஆண் கத்தும்போது பெண்மான் குரல் எழுப்பக்கூடாது என்பது அந்தக் கூட்டத்தில் வழக்கம்.

ஒருநாள் விடியலில் தண்ணீருக்குப் போன பெண்மான், புதருக்குள் இரண்டு புலிகள் பேசுவதைக் கேட்டது.

"பசி உயிர் போகுது. பாறைமேல நிக்கிற அந்த மானை இப்பவே போய்ப் பிடியேன்" என்றது பெண்புலி.

"பொறு புள்ள. இப்போ மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கிறான், காது திறந்திருக்கு. மறுபடி கத்த ஆரம்பிக்கட்டும். அப்போ அவன் குரலைத் தவிர வேற எதுவும் அவனுக்குக் கேக்காது" என்றது ஆண்புலி.

பெண்மான் தண்ணீர் குடிக்காமலே திரும்பியது. ஓடிவந்து ஆண்மானின் காதோடு காதாக, "கத்தாதீங்க, புலி காத்திருக்கு" என்றது.

"எதிர்ச்சரிவுல நிக்கிறானே இன்னொரு கடமான், அவன் சொல்லிவிட்டானா? உன் கண்ணு அங்கேயே கிடக்கிறதைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று ஆண்மான் சிரித்தது. பிறகு கழுத்தை நீட்டிக் கத்தத் தொடங்கியது.

பின்னால் புல் அசைந்தது.

"ஐயோ, திரும்பிப் பாருங்க" என்றது பெண்மான். வழக்கப்படி அதையும் மெதுவாகத்தான் சொன்னது.

புலி பாய்ந்தது.

அதற்குப் பிறகுதான் பெண்மான் வீறிட்டது. பள்ளத்தில் மேய்ந்த மான்களெல்லாம் தலைதெறிக்க ஓடித் தப்பின. இத்தனை பெரிய குரல் தனக்குள் இருந்தது அதற்கே அன்றுதான் தெரிந்தது.