மணி பார்க்காத புருஷன்

நாளை அந்தோணிமேரிக்கு மருத்துவச்சிப் பரீட்சை. கேள்விக்கு மூன்று நிமிஷம். போன வருஷம் பரீட்சைத் துரை கடிகாரத்தைக் கையில் எடுத்ததுமே, படித்ததெல்லாம் பறந்துபோய்ப் பாதியில் எழுந்து வந்தவள் அவள்.

“நீங்க நோட்டைப் பார்த்துக் கேள்வி கேளுங்க. மணி மட்டும் பார்க்கக் கூடாது” என்றாள் புருஷனிடம்.

பிரெவே என்ற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சையில் மூன்று தடவை கோட்டைவிட்ட யூஜின், பயபக்தியோடு மேசைக் கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினான். ஒரு கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு கேட்க ஆரம்பித்தான். கால் முன்னால் வந்தாலும், தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தாலும் அவள் நிதானமாகப் பதில் சொல்லியே பிள்ளையை வெளியே எடுத்தாள். இருபது கேள்வி, இருபது பிள்ளையும் சுகம். யூஜினுக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.

“நேரம் பார்க்காம யாரும் சொல்லிடலாம். நாளைக்கு அந்தத் துரை பார்ப்பாரே!” அவள் கண் கலங்கியது.

யூஜின் பையிலிருந்து கையை எடுத்தான். கையில் செபமாலை.

“பத்து மணி உருட்ட எனக்கு மூணு நிமிஷம் ஆவும். எந்தக் கேள்வியிலயும் நீ எட்டாவது மணியைத் தாண்டலே.”

“மணி பார்க்கக் கூடாதுன்னேனே!”

“பார்க்கலியே. உருட்டினேன்.”

அவள் சிரித்துவிட்டாள். “அப்போ என் பதிலைக் கேட்டீங்களா, செபம் சொன்னீங்களா?”

“ரெண்டும்தான். கொடி சுத்திக்கிச்சுன்னப்போ, அந்தப் பிள்ளைக்காக நெஜமாவே வேண்டிக்கிட்டேன்.”