வெளியே விழுந்த முடிச்சு

"கல்யாணமாகி மூணு மாசங்கூட ஆகல. டெண்ட் போட்டுத் தங்கப் போற எடத்துக்கு மாமனாருமாடி?"

தோழி அப்ரின் காதோரம் கிசுகிசுத்ததும் சுகன்யாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

சுகன்யாவும் கணவன் மகாராஜனும், அப்ரினும் அவள் கணவன் தௌபீக்கும், நாலே பேர் என்றுதான் ஏற்பாடு. வனத்துறை அனுமதியெல்லாம் வாங்கியாகிவிட்டது. போடியிலிருந்து குரங்கணிக்கு ஜீப்பு கிளம்புகிற நேரத்தில், மகாராஜனின் அப்பா வீரையா போர்வையைச் சுருட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"முழங்கால் வலின்னு மாடிப்படியே ஏற மாட்டீங்க. மலைக்கு எதுக்குப்பா?" என்றான் மகாராஜன்.

"ஏலக்காய்க் கடையிலயே கெடந்து மூச்சு முட்டுது அப்பு. காத்தாட வர்றேன்."

ஏறும்போது பத்தடிக்கு ஒருதரம் உட்கார்ந்தார். அவருக்காக எல்லோரும் நிற்க வேண்டியிருந்தது. புல்மேட்டில் கூடாரம் அடிப்பதற்குள் பொழுது சாய்ந்து, தூறலும் பிடித்துக்கொண்டது.

தூறல் விட்டதும், "எனக்குக் கூடாரம் வேணாம். உள்ள புழுக்கமா இருக்கும்" என்றவர், மகனும் மருமகளும் படுக்கும் கூடாரத்து வாசலிலேயே போர்வையை விரித்தார்.

தௌபீக் இருமினான். அப்ரின் வாயைப் பொத்திக்கொண்டாள். சுகன்யாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

விடிந்தும் விடியாமலும் விழித்தவள், வெளியே போக ஜிப்பை இழுத்தாள். அசையவில்லை. இடுக்கு வழியே பார்த்தாள். வெளிப்பக்கம் கயிறு!

"என்னங்க! யாரோ நம்மள உள்ள வெச்சுக் கட்டிட்டாங்க!"

மகாராஜன் இடி விழுந்தாலும் எழாத ஆள். அவனை உலுக்கிக்கொண்டே அலறினாள். அப்ரினும் தௌபீக்கும் ஓடி வருவதற்குள் முடிச்சு அவிழ்ந்தது.

கயிற்றுடன் நின்றவர் வீரையா.

"நீங்களா மாமா கட்டுனீங்க?"

"ஆமா ஆத்தா."

மகாராஜன் எழுந்து உட்கார்ந்தான்.

"எதுக்கு மாமா?"

அவர் அப்ரினைப் பார்த்தார், தௌபீக்கைப் பார்த்தார். தலை குனிந்துகொண்டார்.

"சும்மா... ஒரு பயந்தான்."

"என்ன பயம்? எங்கேயாச்சும் ஓடிப்போயிருவேன்னா?"

அவர் கையிலிருந்த கயிற்றைச் சுருட்டினார்.

"மிருகம் கிருகம் வந்திருந்தா ரெண்டு பேரும் உள்ளயே செத்திருப்பாங்களே!" என்றாள் அப்ரின்.

மகாராஜன் கூடாரத்தைவிட்டு வெளியே பாய்ந்தான். "பெத்த அப்பனாச்சேன்னு பாக்குறேன். இனிமே என் மூஞ்சியில முழிக்காதீங்க!"

"தப்புதான் அப்பு" என்றபடி போர்வையை மடிக்க ஆரம்பித்தார் வீரையா.

"கீழ எறங்குனதும் நான் சிலமலைக்கு, எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்றாள் சுகன்யா. "சந்தேகப்படுற வீட்டுல எனக்கு என்ன சோலி?"

மகாராஜனும் அப்ரினும் தௌபீக்கும் ஓடையில் தண்ணீர் பிடிக்கப் போனார்கள். ஷூ மாட்டுவதற்காகப் கூடாரத்து வாசலிலேயே உட்கார்ந்து காலைத் தூக்கிய சுகன்யா, பாதியில் நிறுத்தினாள்.

படுக்கும்போது மாட்டிய புது சாக்ஸ். அடிப்பக்கம் முழுக்கச் சேறு. கணுக்கால் வரை புல்விதை அப்பியிருந்தது.

படுத்ததிலிருந்து கூடாரத்தைவிட்டு அவள் இறங்கவே இல்லையே!

ஈர மண்ணைப் பார்த்தாள். சின்னக் காலடித் தடம் ஒன்று, கூடாரத்திலிருந்து நேராகப் பள்ளத்து விளிம்புக்குப் போயிருந்தது. திரும்பி வந்த தடத்தோடு ஒட்டி, ஒரு பெரிய வெறுங்கால் தடம்.

"மாமா..." என்று அந்தத் தடத்தைக் காட்டினாள்.

வீரையா ஓடைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"மலையேறுன அசதியில கொஞ்சம் கண்ணசந்துட்டேன் ஆத்தா. முழிச்சுப் பாத்தா ஜிப்பு தொறந்து கெடக்கு. நீ அந்தா, விளிம்புல நிக்கிறே. கண்ணு தொறந்திருக்கு, ஆனா தூங்குறே. கையப் புடிச்சுக் கூட்டியாந்து படுக்க வெச்சேன். அதுக்கப்புறம், மறுபடி அசந்துருவேனோன்னு என் கண்ணையே நான் நம்பல. அதான் கட்டிட்டேன்."

அவள் பள்ளத்து விளிம்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாரும் அப்படித் திட்டுறப்போ சொல்லியிருக்கலாமே மாமா?"

"உன் வயசுச் சோட்டுப் பிள்ளைக முன்னாடியா? கெழவன் சந்தேகப் பிராணின்னா சொல்லிட்டுப் போகட்டும். உன்னைய ஒரு சொல்லு சொல்லக் கூடாதுல்ல? பக்குவமா ஒருநா உங்கிட்டச் சொல்லி, டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போகலாம்னுதான் இருந்தேன்."

"அப்போ... இது மொத தடவை இல்லையா?"

வீரையா போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீ வாக்கப்பட்டு வந்த மறுநாள்லேருந்து, நம்ம வீட்டு வாசக்கதவுல முதுகைக் குடுத்துத்தான் ஆத்தா நான் தூங்குறேன்."