நல்ல தண்ணி

பாட்டிலின் மூடியைத் திருகி இறுக்கினேன். செவ்வந்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழு மாத வயிறு.

தண்ணீரைச் சோதிக்க வந்திருந்தேன். பாட்டிலுக்குள் நான் போட்ட பொடி நுரைத்துக்கொண்டிருந்தது. தண்ணீரில் ஆர்சனிக் விஷம் இருந்தால் மூடியில் செருகிய வெள்ளைத் தாள் மஞ்சளாகும். அதிகமாக இருந்தால் பழுப்பு.

நேற்றுப் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில் தாள் பழுப்பாகிவிட்டது. அந்தச் சேதி எனக்கு முன்னால் இங்கே வந்திருந்தது. காலையிலிருந்து செவ்வந்தி இளநீரில்தான் ஓட்டுகிறாளாம்.

கரண்ட் இல்லை. பல்லடம் பக்கத்தில் தறிச்சத்தம் நின்றால் காது அடைத்த மாதிரி இருக்கும்.

அவள் மாமியார் மயிலாத்தாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தில் என்ன எழுதியா இருக்கிறது? எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

நேரமானதும் தாளை உருவினேன்.

வெள்ளை. வண்ண அட்டையோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். சுத்த வெள்ளை.

"பயமில்லைங்க. தாராளமாக் குடிக்கலாம்."

செவ்வந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அப்போதுதான் எனக்கும் தாகம் தெரிந்தது. பாட்டிலில் ஊற்றியது போகச் சொம்பில் மிச்சமிருந்ததை அண்ணாந்து குடித்தேன்.

இனித்தது.

இந்தப் பக்கத்துக் கிணறுகள் எல்லாமே உப்பு. நாக்கில் பட்டாலே தெரியும்.

இங்கே வந்ததும் முதலில் கிணற்றைத்தான் எட்டிப் பார்த்திருந்தேன். கரண்ட் இல்லாமல் மோட்டார் போட வழியில்லை. நேராக வாசலுக்கு வந்து, நல்ல தண்ணி ஒரு சொம்பு வேண்டும் என்று கேட்டேன். அவர்கள் குடிக்கிற தண்ணீரைக் கேட்டதாக என் நினைப்பு. சொம்பை நீட்டிவிட்டு மயிலாத்தாள் மாட்டை நிழலில் கட்டப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் பாட்டிலை நிரப்பிவிட்டேன்.

"ஏனுங்கம்மா, இது கெணத்துத் தண்ணிதானுங்களே?"

மயிலாத்தாள் சிரித்தார். "அதக் குடுப்பனா அம்மணி? தாகத்துக்குத்தான் நல்ல தண்ணி கேக்கறீங்கன்னு நெனச்சேன். இது பைப்புத் தண்ணிங்க, வாரத்துக்கொருக்கா வரும். ஊட்டுக்கு வர்றவங்களுக்குன்னு ஒரு கொடம் புடிச்சு வெச்சுப்போடுவேன். பானையில இருக்கற கெணத்துத் தண்ணி எங்களுக்குங்க."

உள்ளே டம்ளர் பானையில் இடிக்கும் சத்தம் கேட்டது.

செவ்வந்தி என்று கத்தினேன்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. ஊரிலிருந்த தறிகள் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கின. என் குரல் எனக்கே கேட்கவில்லை.