காது தெரிய

வாஷிங் மெஷின் சுற்றத் தொடங்கிய பிறகே அப்பா கத்தரியைக் கையிலெடுத்தார்.

ஆறு வயதுச் சிண்டு, அதன் கண்ணாடிக் கதவில் மூக்கு ஒட்டாத குறையாகக் குந்தியிருந்தான். உள்ளே உருளும் துணிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் அவன் தலையை யாராவது தொடலாம்.

யாராவது என்றால், அப்பா மட்டும்.

சலூனில் ட்ரிம்மர் இரைந்தாலே காதைப் பொத்திக்கொண்டு தரையில் உருளுவான். கழுத்தில் விழும் ஒற்றை முடி அவனுக்கு முள். பார்ப்பவர்கள், செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளை என்பார்கள். ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னதை எத்தனை பேரிடம்தான் விளக்குவது?

"இப்ப பின்பக்கம், கண்ணு. அப்புறம் இந்தக் காது."

சொல்லாமல் கத்தரி ஒருபோதும் நெருங்காது.

பின்பக்கம் ஆயிற்று. இடது காதும் ஆயிற்று.

வலது காதுக்கு வந்தபோது, துவைத்து முடித்த மெஷின் நின்றுவிட்டது. சிண்டு வீறிட்டான். சுவரில் முட்டிக்கொள்ளப் போனவனை அப்பா அள்ளி மார்போடு இறுக்கிக்கொண்டார்.

இன்றைக்கு முடியாது என்று எழுந்துவிடலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அந்த எண்ணம் வந்தது. வந்து கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு, துவைத்த துணியையே மறுபடியும் ஓடவிட்டார்.

வலது காதும் முடிந்ததும், அதுவரை கதவோரம் மூச்சுக் காட்டாமல் நின்றிருந்த மனைவி உள்ளே வந்து பார்த்தாள்.

"ரெண்டு காதும் தெரியுதுங்க. இந்தத் தடவை போட்டோவைத் திருப்பி அனுப்ப மாட்டாங்க."

பாஸ்போர்ட் வந்த கையோடு அவளும் மகனும் வெளிநாட்டிலிருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போகிறார்கள். திரும்பி வருவதற்கில்லை. பிரிந்துவிடுவது என்று கணவனும் மனைவியும் பேசி முடித்தாயிற்று. அங்கே இவனைப் போன்ற பிள்ளைகளுக்கென்றே பள்ளிக்கூடம் இருக்கிறதாம். அதைக் கேட்ட பிறகு அப்பா மறுப்பதை விட்டுவிட்டார்.

அவர் கத்தரியை அவளிடம் நீட்டினார்.

அவள் தயங்கித் தயங்கி மகனின் உச்சந்தலையில் விரல் நுனியை வைத்தாள். சிண்டு சிலிர்த்து விலகினான்.

அப்பா, பல மாதங்களுக்குப் பிறகு, அவள் கையைப் பிடித்தார். உள்ளங்கை முழுக்கப் பதியும்படி மகன் தலையில் வைத்து, மேலே தன் கையையும் வைத்து அழுத்தினார்.

"லேசாத் தொடாத. லேசாத் தொட்டாத்தான் அவனுக்கு வலிக்கும்."

சிண்டு அசையாமல் துணிகளையே பார்த்திருந்தான்.

அப்பா மெதுவாகத் தன் கையை மட்டும் எடுத்துக்கொண்டார்.