சுக்கான் பிடித்த கை

"மோட் போட்டது நீதானே? இப்பவே சொல்லிரணும்."

கேப்டன் ஆரோக்கியதாஸின் குரல் ஹெட்போனில் இடித்தது. திரையில் படகுகளெல்லாம் மேகத்தின் மேல் சும்மா ஆடிக்கொண்டு நின்றன.

அது ஓர் ஆன்லைன் விளையாட்டு. அதில் கடலுக்குப் பதில் மேகம். அந்த மேகத்தில் பாய்மரப் படகு ஓட்ட வேண்டும். பொழுது சாய்ந்தால் வானம் ரோஸ் நிறமாகிவிடும், படகுக்கு அடியில் நட்சத்திரங்கள் நீந்தும். பார்த்துக்கொண்டே இருந்தால் அடுப்பில் பால் வைத்தது மறந்துபோகும்.

கட்டுமாவடியில் ஐஸ் கம்பெனி நடத்துகிற ஆரோக்கியதாஸ்தான் டீமுக்குக் கேப்டன். ரொம்பக் கறார். விளையாட்டில் அவருடைய பொம்மை எப்போதும் முழங்கை வரை கையுறை போட்டிருக்கும். "சாப்பிடும்போதும் கழட்ட மாட்டாருப்பா" என்று குடுமியான்மலை பெலிக்ஸ் கிண்டல் பண்ணுவான். அவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. பொங்கலுக்கு டீம் மொத்தமும் புதுக்கோட்டையில் கூடியபோது, கம்பெனியில் வேலை என்றார் அவர். தனக்குக் காய்ச்சல் என்றாள் அரிமளம் அன்புமொழி.

இப்போது மாட்டிக்கொண்டதும் அந்த அன்புமொழிதான்.

பந்தயத்தில் ஜெயித்த சந்தோஷத்தில், தன் திரையை அப்படியே படம் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள். அதில் சுக்கானைப் பிடித்திருந்த அவள் பொம்மையின் இடது கையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். விளையாட்டுக் கம்பெனி அப்படி ஒரு தோலைக் கொடுக்கவே இல்லை. நாமாகச் செய்து ஒட்டிக்கொள்ளும் இந்த மாதிரி சமாசாரத்துக்குத்தான் மோட் என்று பேர். ஒட்டியவர் திரையில் மட்டும்தான் அது தெரியும்.

"நான்தாண்ணே" என்றாள்.

"ஏம்மா, படிச்ச பிள்ளதானே நீ? மோட் போட்டா டீம்ல இடம் இல்லைன்னு சொல்லியிருக்கேன்ல?"

பெலிக்ஸ் குறுக்கே வந்தான். "விடுங்கண்ணே. சும்மா அழகுக்குத்தானே போட்டிருக்கு? அதை வச்சு படகு என்ன வேகமாவா போயிரப் போகுது? யாருக்கு நட்டம்?"

"இன்னைக்குக் கையில பெயின்ட் அடிப்பீங்க. நாளைக்கு மேகத்துக்கு அங்கிட்டு எவன் வாரான்னு தெரியிற மாதிரி மோட் போடுவீங்க. ஒண்ணை விட்டா எல்லாத்தையும் விடணும்."

"அதுவும் சரிதான். ஆனா அன்பு, அழகுக்குன்னா ஒரு றெக்கை வைக்கலாம், தலையில பூ வைக்கலாம். இது என்ன, சுண்ணாம்பு டப்பாவுல கைய விட்ட மாதிரி?"

பெலிக்ஸ் சிரித்தான். கேப்டன் சிரிக்கவில்லை.

"யாரைக் கேலி பண்றதுக்கு இதைப் பண்ணுன?" என்றார்.

"கேலியா?"

"சமீபத்துல கட்டுமாவடிப் பக்கம் வந்தியா நீ?"

"இல்லண்ணே. நான் எதுக்கு அங்க வாரேன்?"

ஒரு விளையாட்டுக்கு அந்தக் கோபம் ரொம்ப அதிகம். அன்புமொழி இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறாள். அவள் நீட்டுகிற சான்றிதழைப் பல பேர் கையில் வாங்குவதில்லை. "அங்கிட்டு வச்சிரும்மா, எடுத்துக்கிடுறேன்" என்பார்கள். இது ஒட்டிக்கொள்ளாது என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. தயங்காமல் 'வா அன்பு' என்று அவளைக் கூப்பிட்ட இடம் இந்த மேகம் ஒன்றுதான். அதுவும் இன்றைக்குப் போகப்போகிறது.

போகிறதுதான் போகிறது, உண்மையைச் சொல்லிவிட்டே போவோம் என்று நினைத்தாள்.

"யாரையும் கேலி பண்ணலண்ணே. என் கையப் பாத்துத்தான் பண்ணுனேன். எனக்கு வெண்புள்ளி இருக்கு."

அன்புமொழி அதோடு நிறுத்தவில்லை.

"கேம்ல எத்தனையோ கலர்ல தோல் இருக்கு. நீலம்கூட இருக்கு. என்னோடது இல்ல. மொதல்ல அந்த வழுவழு கையப் பாக்க நல்லாத்தாண்ணே இருந்துச்சு. அப்புறம், வேற யாரோ என் படகை ஓட்டிக்கிட்டுப் போற மாதிரி ஆயிருச்சு. அதான், எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்னு போட்டுக்கிட்டேன்."

"ஸாரி அன்பு. தெரியாமப் பேசிட்டேன்" என்றான் பெலிக்ஸ்.

கேப்டன், "அந்த ஃபைலை எனக்கு அனுப்பிரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியேறிவிட்டார்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஆதாரம் கேட்கிற மனுஷரை என்ன சொல்வது! அன்புமொழி அழுதுகொண்டேதான் அனுப்பினாள்.

மறுநாள் சாயங்காலம், டீமில் தன் பேரை எடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே விளையாட்டுக்குள் போனாள். பேர் இருந்தது. வானம் அன்றைக்குப் பழுத்த மாம்பழ நிறத்தில் கிடந்தது. மேகம் மெதுவாக விலகி வழிவிட, கேப்டனின் படகு வந்து அவள் படகை உரசினாற்போல் நின்றது.

அவர் பொம்மையின் கைகளைப் பார்த்தாள். முதல் தடவையாக அவற்றில் கையுறை இல்லை. அவள் திரையில் அவை வெறும் மாநிறக் கைகள்.

"அந்த ஃபைலை என் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேம்மா" என்றார் கேப்டன். குரல் கரகரத்தது. "நல்லாப் பண்ணியிருக்க. ஒரே ஒரு குறைதான்."

"என்னண்ணே?"

"நீ இடது கையில போட்டிருக்க. எனக்கு வலது கையிலம்மா. மாத்திப் போட்டுத் தர்றியா?"